குழாயடிப் புள்ளிகள்

“சண்டைக்குக் காரணம் எதிர்வீட்டு மாயக்காதான்னு அந்தக் கிராஃப் படத்துல வருதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு ஆனந்தி.”

பொன்னழகுக்குப் பொறுக்கவில்லை. திண்டுக்கல்லில் மூன்று நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வந்த கோடை அது. தெருக்குழாய் அவள் வாசலுக்கு நேரே இருந்தது. ஊர்ச்சேதி அத்தனையும் குடத்தோடு அங்கேயே வந்துவிடும். இப்போது அதற்கும் ஆபத்து. ‘சண்டை நிக்கலைன்னா குழாயை அடுத்த தெருவுக்கு மாத்திருவேன்’ என்று கவுன்சிலர் சொல்லிவிட்டார். சாயங்காலம் முடிவு சொல்ல வருகிறார்.

பக்கத்து வீட்டு ஆனந்தி பிளஸ் ஒன் படிப்பவள். தண்ணீர் வரும் நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். கணக்குப் பாடத்தில் கொடுத்த புள்ளிவிவர வேலைக்குக் குழாயடிச் சண்டையையே எடுத்துக்கொண்டு, மாலையில் நோட்டோடு வந்து உட்காருவாள். எத்தனை சண்டை, யாருக்கு எத்தனை குடம், யார் எவ்வளவு நேரம் நின்றார்கள், எல்லாமே பொன்னழகு விரல்விட்டுச் சொன்னதுதான்.

ஆனந்தி கிராஃப் தாளை விரித்தாள். “கீழே மாயக்கா பிடிச்ச குடம். மேலே சண்டை. பாருங்கத்தை, புள்ளியெல்லாம் கடுகு கொட்டுன மாதிரி கெடக்கு. ரெண்டுக்கும் ஒட்டுறவே இல்ல.”

“அதென்ன, எறும்பு சுவர்ல ஏறுற மாதிரி இன்னொரு தாளு?”

ஆனந்தி தயங்கினாள். “அது... நீங்க குழாயடியில நின்ன நேரம். அது கூடக் கூடச் சண்டையும் கூடுது.”

“ஏண்டி! தீப்பிடிச்ச இடத்துல தீயணைப்பு வண்டி நிக்கும். அதுக்காக வண்டிதான் தீ வச்சுச்சுன்னுவியா?”

“எங்க கணக்கு வாத்தியார் ஜெரோம் சாரும் இதையேதான் சொன்னாரு. சேந்து ஏறுனா மட்டும் காரணமாயிடாதாம். ஆனா நீங்க எரியோடு ஊருக்குப் போயிருந்த மூணு தடவை என்ன நடந்துச்சுன்னு மாயக்காகிட்டக் கேட்டேன். ஒரு சண்டைகூட இல்லையாம். அதான் கவுன்சிலர்கிட்ட இந்தத் தாளைக் காட்டி, குழாய் இங்கேயே இருக்கட்டும், நீங்க மட்டும் அந்தப் பக்கம் வராம இருந்தாப் போதும்னு...”

குழாயடிக்குப் போகாத ஒரு காலைப்பொழுதா? பொன்னழகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“காட்டிராதடி தங்கம். நான் இருந்த நாள்ல மட்டும் சண்டை எங்கடி நடந்துச்சு? நீ நோட்டும் பேனாவுமா என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கிறப்ப, ஒண்ணுமில்லைன்னு சொல்ல மனசு வரல.”

“அப்ப கவுன்சிலருக்கு யாரு சொன்னது?”

“அவரும் உன்னை மாதிரியே நின்னு கேட்டாருடி!”