மணியடிக்கும் பொறுப்பு

மேடையேறிய மேனேஜர், மேஜையில் இருந்த மணியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

தட்டினால் டிங் என்று ஒலிக்கும் அந்தச் சின்ன மணி ஒரு காலத்தில் அவர் அறையில் இருந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளும் அவருடைய பழைய டைப்பிஸ்ட்தான்.

“வீட்டுக்காரர் நல்லா இருக்காராம்மா?” என்று மூன்று வரிசைக்குக் கேட்கும்படி விசாரித்தார். தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர்களுக்கு எல்லார் வீட்டுக்காரர் மீதும் அக்கறை பொங்கிவிடும்.

கூட்டம் முடியட்டும் சார், சொல்கிறேன் என்றாள் அவள்.

பதில் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மணி பழைய ஆளின் கையில் இருக்கிறது, இனி என்ன கவலை?

அந்த நிம்மதிக்குக் காரணம் உண்டு.

தகர டப்பா தொழிற்சாலையில் அவர் மேனேஜராக இருந்த பதினோரு வருடமும், அவர் பேச்சையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். ஒன்றேகால் பக்கம், சரியாக இரண்டு நிமிடம். அதை அவர் வாய்ப்பாடு மாதிரி நெட்டுருப் போட்டுவிடுவார். தாள் தீரும்வரை தேன் ஒழுகும். தீர்ந்தபின் வாய் தன் இஷ்டத்துக்குப் போய், மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிடும்.

அது அவருக்கே தெரியும். அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டாவது நிமிடம் மணியடிக்கச் சொல்லியிருந்தார். அவள் அடிப்பாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் போதவில்லை, இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவோ சொல்லியிருப்பேன் என்று வருத்தப்பட்டு உட்காருவார். கைதட்டல் தூள் பறக்கும்.

பதினோரு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அந்த மணியை அவர் தன் கையால் அடித்தார்.

தொழிற்சாலையை மூடிய வாரம் அது. ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்தார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம். அவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவள் கேட்க வந்ததைப் பாதி சொல்வதற்குள் மணியைத் தட்டி, வாசலைக் காட்டினார்.

மேஜையைக் காலி செய்த அன்று மணி அவள் பைக்குள் போனது. யாரும் தேடவில்லை.

இப்போது அவளுக்கு நூலகத்தில் வேலை. வேட்பாளர் விவாதம் அதன் மாடி அரங்கில்தான், ஒரு பதிலுக்கு இரண்டு நிமிடம். நேரம் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வேட்பாளர்களிடம் கெட்ட பெயர் வாங்குவானேன் என்று ஒதுங்கினார்கள். அவள்தான் வலியப் போய்க் கேட்டு வாங்கினாள். மணியும் நானே கொண்டு வருகிறேன் என்றாள்.

முதலில் எதிர்த்து நிற்கும் பள்ளிக்கூட வாத்தியார் பேசினார். விலைவாசியில் தொடங்கி வரிக்கு வருவதற்குள் டிங் என்றது. பாவம், வாக்கியத்தின் நடுவிலேயே உட்கார்ந்தார்.

அடுத்தது மேனேஜர். மூடிக் கிடக்கும் தொழிற்சாலைக்கு என்ன வழி என்பது கேள்வி.

அவர் வாய்ப்பாட்டைத் தொடங்கினார். முதலீடு, வளர்ச்சி, ஆயிரம் பேருக்கு வேலை. சொல்லி முடித்து, வருத்தப்படத் தயாராகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி அடிக்கவில்லை.

அவள் உள்ளங்கை, முட்டையை அடைகாக்கும் கோழி மாதிரி மணியின் மேல் கவிந்திருந்தது.

வாத்தியார் துள்ளி எழுந்தார். பழைய முதலாளி விசுவாசம் விட்டுப்போகுமா என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மைக்கின் முன்னால் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பது? ஆயிரம் வேலை பத்தாயிரமானது. மூன்றாவது நிமிடத்தில், நஷ்டத்தால் மூடினோம் என்று ஆறு வருடமாகச் சொல்லிவந்தவர், நஷ்டமெல்லாம் கிடையாது, வேறு ஊரில் கூலி மலிவு, பொருளாதாரம் என்பதே அதுதான் என்று விளக்கினார்.

வாத்தியார் மெதுவாக உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

நான்காவது நிமிடத்தில், திறமை உள்ளவன் அன்றைக்கே வேறு இடத்தில் பிழைத்துக்கொண்டான், மிச்சம் இருப்பதெல்லாம் தண்டச்சோறு என்றார்.

மூன்றாவது வரிசை முழுக்க அந்தத் தண்டச்சோறுதான் உட்கார்ந்திருந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. தகரம் வெட்டிக் காய்த்துப்போன கைகளில் செல்போன்கள் உயர்ந்தன.

மேனேஜர் திரும்பினார். மணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார்.

அவளுக்கு அது இனித்தது. மறைப்பானேன், ஆறு வருடத்தில் அவள் ருசித்த முதல் இனிப்பு அதுதான்.

“பேசுங்க சார். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

அவர் பேசினார். சொன்னதைச் சமாளிக்கப் போய் இன்னும் நாலு வார்த்தை விட்டார். ஆறாவது நிமிடத்தில் கூச்சலுக்கு நடுவே அவர் குரலே கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கையை எடுத்து மணியைத் தட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் நேராக அவளிடம் வந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார்.

அவள் மணியைப் பைக்குள் போட்டுக்கொண்டே, அன்று அவர் அறையில் பாதியில் நின்றதை விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். பன்னிரண்டாம் தேதி வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், அதுவரைக்கும் என் பேரை ஊழியர் பட்டியலிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தால் கம்பெனி காப்பீட்டிலேயே செய்துவிடலாம், பத்தே பத்து நாள்.

பிறகு, மேடையேறியதும் அவர் கேட்டதற்கும் பதில் சொன்னாள்.

“அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு சார்.”

இரண்டையும் சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.