பதுங்குகுழி வெடித்தபோது

குற்றாலச் சாரலில் நனைந்து வந்தோரின் ஈர வாடை தென்காசித் திரையரங்கின் பகற்காட்சியை நிறைத்திருக்கிறது. முன்னாள் இராணுவ வீரரான மாடன் அண்ணாச்சி என் அருகில் அமர்ந்திருக்கிறார். அவர் பங்கேற்ற போரையே படமாக எடுத்துள்ளனர் என்று நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்துள்ளேன். திரையில் பனிமலைப் பதுங்குகுழி ஒன்று வெடித்துச் சிதறுகிறது. செந்நிற ஒளி முகங்களில் படர, எதிரிகள் ஒழிந்தார்கள் என்று அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. நானும் இரு விரல்களை வாயில் வைத்து விசிலடிக்கிறேன். அண்ணாச்சி திரையைப் பார்த்தபடியே, "ஏலே, அது நம்ம பயலுவ இருந்த குழிலே" என்கிறார். எச்சில் காயாத விரல்களைக் கைக்குட்டைக்குள் மறைக்கிறேன். "வெளிய போயிருவமா அண்ணாச்சி?" என்று மெல்லக் கேட்கிறேன். அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றுகிறார். "இரிலே. அன்னைக்கும் அவனுவள விட்டுட்டுப் பாதியில வந்தவம்லே நான்."