புதுப் பெட்டியா, பழசா?

கிட்ட வாங்க கண்ணுகளா, இரண்டாயிரத்து ஏழில் திருவள்ளூர் வீடியோ கேம் கடையில் நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன்.

முபீனா புதிதாக வந்த கேம் பெட்டியைத்தான் கேட்டாள். கையை வீசினால் டிவியில் பந்து பறக்குமாம்.

"பழசே போதும்," என்றான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற கணவன் ரிஜ்வான். "அதுலதான் நல்ல கேமுங்க கீது."

"புதுசா இன்னா வந்தாலும் உங்களுக்கு ஆவாதே."

"கேமு நல்லா இல்லாத பொட்டிய வாங்கினு போய் இன்னா, ஷோகேஸ்லயா வைக்கிறது?"

கடைக்காரர் அன்புசெல்வன் சிரித்தார். "அவரு சொல்றதுதான் கரெக்ட்டும்மா. மெஷினு புதுசுன்னா ஒரு வாரம் ஆடுவாங்க. கேமு நல்லா இருந்தாத்தான் வருஷக்கணக்கா ஆடுவாங்க."

பழைய பெட்டியில் கார் பந்தயத்தைப் போட்டு, கன்ட்ரோலரை நீட்டினார்.

ரிஜ்வான் முன்னால் வந்து வலது கையால் வாங்கினான். இடது சட்டைக் கை காலியாகத் தொங்கியது. கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் அந்தக் கையைக் கொண்டுபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

அன்புசெல்வனுக்குக் குரல் இறங்கிவிட்டது. "தங்கச்சி சொன்னதே சரிப்பா. புதுச ஒரு கையாலயே ஆடலாம்."

"அதனாலதான் வேணாம்ணே. அதுல நான் மட்டும் ஆடிக்கினு இருப்பேன். இதுல இடது பக்கத்த இவதான் அமுக்கணும்."

முபீனா அவனை ஒட்டி நின்று கன்ட்ரோலரின் இடது பக்கத்தில் கட்டைவிரலை வைத்தாள். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது.

"வண்டி ஓட்ற அழகப் பாரு," என்று ரிஜ்வான் சிரித்தான். ஆறு மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் அவள் கேட்டாள்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் கைக்கு இன்னொருவர் கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நல்லா இருங்க.