சுருக்கெழுத்தில் ஒரு குற்றப்பத்திரிகை

"காபியைக் கொஞ்சம் குறைச்சுக்கோயேன்" என்று வேதாந்தம் சொன்னதுதான் தாமதம். அனந்தலக்ஷ்மி எறிந்த டம்ளர் சுவரில் பட்டு உருண்டது.

அவர் டம்ளரை எடுக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சரசரவென்று இரண்டு வரி எழுதினார், ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

இப்படியும் ஒரு மனுஷன் உண்டா? பெண்டாட்டி அழுதால் நோட்டு. கத்தினால் நோட்டு. டெல்லியே ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற ஜனவரியில், குப்பென்று வியர்த்து அவள் ஃபேனைப் போட்டால் அதற்கும் நோட்டு!

நாற்பத்தேழு வயசில் தனக்கு என்ன வந்துவிட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வருகிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அந்த நோட்டை ஒரு தடவை திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறாள். தேதியும் மணியும் மட்டும் புரிந்தது. மற்றதெல்லாம் வளைசலும் கோடும். செக்ரடேரியட் ஸ்டெனோ ஆயிற்றே, எல்லாம் ஷார்ட்ஹாண்ட்!

அவர் இருப்பதோ ஊழியர்கள் மேல் விசாரணை நடத்துகிற பிரிவு. முதலில் தேதி, மணியோடு எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள், அப்புறம் ஒருநாள் சார்ஜ் ஷீட்டை நீட்டுவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். போன வாரம், "கொஞ்ச நாள் திருச்சியில உங்கண்ணா ஆத்துல இருந்துட்டு வரியா?" என்று வேறு கேட்டார்.

அனந்தலக்ஷ்மிக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்துக்கு மனுஷன் கேஸ் கட்டுகிறார்!

மறுநாள் ஏதோ பெரிய மீட்டிங் என்று புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். நோட்டு பழைய கோட்டிலேயே தங்கிவிட்டது. அவர் தெருமுனை திரும்பியதும் அதை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அங்கே ஜெயலட்சுமி இருந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், கரோல்பாக்கில் ஷார்ட்ஹாண்ட் படித்துக்கொண்டிருக்கிற பெண்.

"ஜெயா, இதைப் படிச்சுச் சொல்லுடி."

"மாமாவோடதா? கோவிச்சுப்பாரே மாமி!"

"கோவிச்சுண்டா கோவிச்சுக்கட்டும். என் தலையெழுத்தே இதுலதான் இருக்கு."

ஜெயா நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தாள். அங்கங்கே நிறுத்தி, இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தாள்.

"'ஜனவரி ஏழு, சாயங்காலம் அஞ்சே முக்கால். காரணமில்லாத கோபம். நாலு நிமிஷம். ஜனவரி ஒம்பது. அழுகை. பத்து நிமிஷம்.' அரே! என்ன மாமி இது, ஓட்டப் பந்தயமா?"

"சொன்னேனோல்லியோ? மேல படி."

"'விலகி உட்கார்ந்த தேதிகள். நவம்பர் மூணு, நவம்பர் இருபத்திமூணு. அப்புறம் ஜனவரி பதினெட்டு...'" ஜெயாவின் முகம் சிவந்துவிட்டது. "மாமி, இதெல்லாம் நான் படிக்கலாமா?"

மாதம் மூன்று நாள் விலகி உட்காருவதை டெல்லி வந்தும் விடாதவள் அனந்தலக்ஷ்மி. அதையுமா எழுதி வைத்தார்? அவமானத்தில் உடம்பே கூசியது.

"படிடி. வந்தது வரட்டும்."

ஜெயா முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். "அச்சா... இங்க வேற என்னமோ இருக்கு. 'டிஸ்பென்ஸரி. லேடி டாக்டரைப் பார்க்க, பெண்கள் க்யூவில் ஒரு மணி நேரம் நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.'"

"யாரு, இவரா?"

"கேளுங்கோ. 'டாக்டர் சொன்னது: இது பைத்தியம் இல்லை. மாதவிடாய் நிற்பதற்குச் சில வருஷம் முன்னாலிருந்தே உடம்பில் ஹார்மோன் ஏறி இறங்கும். சூடு, வியர்வை, கோபம், தூக்கமின்மை எல்லாம் அதனால் வரலாம். எப்போது, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.'"

அனந்தலக்ஷ்மி அங்கிருந்த பிரம்பு மோடாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"'காபியைக் குறைக்க வேண்டும். தினம் அரை மணி நடை. பால், கீரை, கேழ்வரகு. நல்ல ஓய்வு. அப்படியும் அடங்காவிட்டால் ஹார்மோன் மாத்திரை உண்டு. எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. சோதித்துப் பார்த்துத்தான், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் கொடுப்பார்கள்.' ஓரத்துல போன வாரம் சேர்த்து எழுதியிருக்கார்... 'ஓய்வுக்குத் திருச்சி போகிறாயா என்று கேட்டேன். தப்பாக எடுத்துக்கொண்டாள்.'"

அனந்தலக்ஷ்மி நோட்டுப் பக்கம் குனிந்தாள்.

"அவ்வளவுதானா?"

"கடைசியா ஒண்ணு இருக்கு, நேத்து சாயங்காலம் எழுதினது." ஜெயாவின் குரல் இறங்கியது. "'அவளை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். செவ்வாய்க்கிழமை வரச் சொல்கிறார். எத்தனையோ ஆபீசர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தள்ளியவன் நான். இதை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.'"

அனந்தலக்ஷ்மி அந்த வளைசலையும் கோட்டையும் மறுபடி பார்த்தாள். பாவி மனுஷா, இத்தனையையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டா இருந்தாய்! சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்து இதைப் பேச அவளுக்கு மட்டும் வாய் வருமா என்ன?

"ஜெயா, பென்சிலை எடு. அதுக்குக் கீழேயே நான் சொல்றதை எழுது."

"ஷார்ட்ஹாண்ட்லயா மாமி?"

"அதுலதான். 'செவ்வாய்க்கிழமை நானும் வரேன். இந்தத் தடவை க்யூல நான் நிக்கறேன். நீங்க பெஞ்சுல உக்காந்துக்கோங்கோ.'"