கடல் மூடும் நேரம்

தீவுக்குப் போகும் மணல்வழியைக் கடல் எத்தனை மணிக்கு மூடும் என்று, நிலவைக் கணக்கிட்டுக் கரையிலிருக்கும் கரும்பலகையில் தினமும் எழுதுபவள் பெனிட்டா. அன்று மாலை 4.17 என்று எழுதிவிட்டுத் தீவிலிருக்கும் தங்கையைப் பார்க்கப் போனாள். மதியம் தங்கைக்கு இடுப்புவலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. கரையிலிருந்து நர்ஸ் ஜெசிந்தா வர வேண்டும்; போனில் சொல்லியிருந்தார்கள். வழி மூடிவிட்டால் இரவுவரை யாரும் வர முடியாது. நான்கு மணிக்குப் பெனிட்டா மணலில் மண்டியிட்டாள்.

"ஆண்டவரே, இன்னைக்கு மட்டும் கடலைக் கொஞ்சம் பிடிச்சு வையும்."

கடல் தாமதிக்கவில்லை. சரியாக 4.17க்கு இரண்டு பக்கத்து அலைகளும் மணலின் நடுவில் கைகோத்துக்கொண்டன. அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் ஜெசிந்தா பையைத் தலையில் வைத்தபடி, மூச்சிரைக்கத் தீவில் கரையேறியிருந்தாள்.

"எப்படிக்கா துணிஞ்சு வந்தீங்க?"

"உன் போர்டைப் பாத்தேன். பதினோரு நிமிஷம் இருந்துச்சு, ஓடி வந்துட்டேன். கடல் என்ன உன் வீட்டுக்காரனா, சொன்ன நேரத்துக்கு வராம இருக்க?"

கடல் ஒரே ஒருநாள் தவறியிருந்தாலும் அந்தப் பலகையை நம்பி யார் ஓடி வந்திருப்பார்கள்? பெனிட்டாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் காலை, பிறந்த பிள்ளையின் வாசம் கையிலிருந்து போகாமலே அவள் கரும்பலகை முன் வந்து நின்றாள். 5.07 என்று எழுதச் சாக்கட்டியை எடுத்தவள், முதலில் செருப்பைக் கழற்றினாள்.