நான்காவது பொருள்

திருடி கதவைத் திறந்து, "வாங்க மேடம்" என்று சிரித்தாள். "செருப்பை உள்ளேயே விடுங்க. வெளியில விட்டா நாய் ஒத்தைச் செருப்பை மட்டும் தூக்கிட்டுப் போயிடும்."

அகராதிக்காரி செருப்பைச் சுவரோரம் விட்டாள். பக்கத்தில் மெல்லிய அடியும் வாரும் வைத்த ஒரு ஜோடி ஷூ கிடந்தது. பத்திரிகையில் அவள் எழுதுவதைப் படிக்கும் வாசகி என்று சொல்லி நேரம் வாங்கியிருந்தாள். இப்படிச் சிரிக்கிறவளிடம் எப்படி விசாரணையைத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டுக்கு வேலை போய்விடும். இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாய் வளர்க்கிறவள். காலையிலிருந்து விசைப்பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அகராதி போடுகிறவர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. அடுத்தவன் காப்பியடித்தால் பிடிப்பதற்காக, ஆயிரம் உண்மைக்கு நடுவே ஒரே ஒரு பொய்யை நுழைத்து வைப்பார்கள், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் எலிப்பொறி வைப்பதுபோல. இந்த முறை பொறி 'சல்ஸா' என்ற சொல்லில் இருந்தது. வைத்தவள் அகராதிக்காரியேதான்.

முதல் மூன்று பொருளும் உண்மை. லத்தீனில் உப்பிட்டது. அதிலிருந்து ஸ்பானிய மொழியில் தொட்டுக்கொள்ளும் குழம்பு. பிறகு, அந்தக் குழம்பைப் போலவே காரசாரமான ஒரு இசையும் ஆட்டமும். நான்காவது, 'ஒரு தீவு மீனவர் பேச்சில், அழுது முடித்தபின் கன்னத்தில் காயும் வெள்ளைக் கோடு.' அப்படி ஒரு தீவும் கிடையாது, பேச்சும் கிடையாது.

அகராதி இன்னும் அச்சுக்கே போகவில்லை. அதற்குள் போன ஞாயிற்றுக்கிழமை, இப்போது கதவைத் திறந்த இந்தப் பெண் செய்தித்தாளில் எழுதும் சொல் பத்தியில் நான்காவது பொருள் அப்படியே வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதிய குறிப்பு அட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்றே பேர்: எழுதிய இவள், கையெழுத்திட்ட ஆசிரியர், தட்டச்சு செய்தவள். "நீங்க இல்ல, நானும் இல்ல. அப்போ எலியா வந்து படிச்சுது?" என்றார் ஆசிரியர். இவள்தான் இன்று ஒரு நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டு கிளம்பி வந்தாள்.

அந்தப் பொய் பிறந்தது பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். ஒரு சாயங்காலம் அவள் அழுது ஓய்ந்து நின்றபோது கணவர் தண்ணீர் குடிக்க வந்தார். கன்னத்தில் என்ன வெள்ளையாக என்று கேட்டார். உப்பு என்றாள். இதற்கெல்லாம்கூடவா உங்கள் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்றார். அன்று முழுக்க எழுதிக்கொண்டிருந்த சொல்லே வாயில் வந்தது, சல்ஸா என்றாள். மறுநாள் அதையே அட்டையில் ஏற்றினாள்.

எதற்கு அழுதாய் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள். அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. மருந்து குத்தி மரத்துப்போன ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல, அவ்வப்போது உள்ளே தொட்டுப் பார்ப்பாள். அங்கே ஒன்றும் தட்டுப்படாது.

பத்திக்காரி காபி கொண்டுவந்து வைத்தாள். "நம்ம ஆளுங்க உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொன்னதோட நிறுத்திட்டாங்க. அவங்க ஆடவே ஆரம்பிச்சுட்டாங்க பாருங்க" என்றாள். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். கேட்டதும் தடித்த புத்தகங்களை எடுத்துவந்து, முதல் மூன்று பொருளுக்கும் பக்கம் பிரித்துக் காட்டினாள்.

"நாலாவது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

பத்திக்காரி புத்தகத்தை மூடினாள். "அது புத்தகத்துல இல்ல மேடம். அதைப் போட்டிருக்கக் கூடாதுதான். யாருக்கும் தெரியாதுன்னு ஒரு ஆசையில போட்டுட்டேன்."

யாராவது சொன்னார்களா என்று கேட்டாள். டைப்பிஸ்ட்டின் பெயர் வந்துவிடக் கூடாதே என்று காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஆட்ட வகுப்புக்குப் போறேன். எங்கம்மா தவறி பத்து நாள்கூட ஆகல, பாட்டு போட்டதும் அழுதுட்டேன். எல்லாரும் கைக்குட்டையை நீட்டிட்டுத் தள்ளிப் போயிட்டாங்க. என்கூட ஜோடியா ஆடுறவர் மட்டும் எதுக்கு அழறேன்னு கேட்டார். முழுசா கேட்டார். அப்புறம் என் கன்னத்தைத் தொட்டு, இந்தக் கோட்டுக்கும் ஒரு பேர் இருக்கு, அதுவும் சல்ஸாதான்னார்."

ரொம்பப் படித்தவராக இருக்கும் என்றாள் இவள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அவரா? பஸ் டிக்கெட்டோட பின்பக்கத்தைக்கூடப் படிக்க மாட்டார். வகுப்புக்கு வர்றதுக்குன்னே சட்டையை இஸ்திரி போட்டுட்டு வருவார், அவ்வளவுதான்." பத்திக்காரி கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்களும் வாங்களேன் மேடம், வகுப்புல ஆள் குறையுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

பார்க்கலாம் என்றாள். குடித்த காபி இனித்ததா, கசந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. சுவரோரம் செருப்பு இரண்டும் பத்திரமாக இருந்தன. மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மாடிப்படி இறங்கினாள்.

தெருவுக்கு வந்ததும் ஆசிரியரை அழைத்தாள். மணி நாலரை.

"அவளை வேலையைப் பார்க்கச் சொல்லுங்க சார். அவ இல்ல."

வேறு யார் என்று அவர் கேட்டார்.

"எங்க வீட்டுலேருந்துதான் போயிருக்கு."