தையல்சிட்டின் காலை வணக்கம்

இலைகளைச் சேர்த்துக் கூடு தைத்துக் கொடுப்பது தையல்சிட்டின் தொழில். மழைக்காலத்துக்குள் நாலு ஆர்டர் பிடித்தாக வேண்டுமே என்று, இரண்டு வரி எழுதினால் காடே படிக்கும் கீச்சுத்தளத்தில் அது கணக்குத் தொடங்கியது.

“எடுத்த எடுப்பிலேயே கூடு வாங்குங்கன்னா ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க தம்பி,” என்றது விளம்பர ஆலோசகரான கிளி. “முதல்ல பழகணும். தினமும் காலை வணக்கம் போடு.”

சிட்டு போட்டது. பூவோடு ஒன்று, குத்துவிளக்கோடு ஒன்று, செவ்வாய்க்கு முருகன், வெள்ளிக்கு அம்மன். பதில் வணக்கம் சொன்ன காக்கை, ஆந்தை, ஓணான் எல்லாருக்கும் ஒன்றுவிடாமல் நன்றி சொன்னது. ஊசியைத் தொடத்தான் நேரமில்லை. ஆனால் லைக் குவிந்ததே! சிட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மழை வந்தது. பக்கத்து மரத்துத் தேன்சிட்டு புதுக் கூட்டில் முட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தையல்சிட்டுக்கு வயிறு எரிந்தது.

“என்னக்கா, லைக் எனக்கு, ஆர்டர் வேற ஆளுக்கா?”

தேன்சிட்டு திகைத்துப்போனது. “ஐயோ, நீ கூடு தைப்பியா? வணக்கம் சொல்றதுதான் உன் வேலைன்னு நெனச்சுட்டேனே!”

சிட்டு நனைந்த கிளையில் உட்கார்ந்து ஆத்திரத்தையெல்லாம் கொட்டி எழுதியது: “நான் தையல்காரன். கூடு தைப்பவன். இந்த மழைக்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை.”

உடனே ஓணானிடமிருந்து பதில் வந்தது: “அதெல்லாம் இருக்கட்டும், இன்னைக்குக் காலை வணக்கம் எங்கே?”

அதற்குக் காடே லைக் போட்டிருந்தது.